ஒரு நாள் ஆன்லைன் சாக்ஸபோன் பயிலரங்கா, வாரா வாரம் ஓர் ஆசிரியரா?

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் திருப்பூரில் வேலை பார்ப்பவர். ஆல்ட்டோ சாக்ஸபோன் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னொருவர் மதுரையில் ஓர் அம்மா. அவருடைய 14 வயது மகன், லண்டனின் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைக் கிரேடு தேர்வுக்குத் தயாராகிறான். மூன்றாமவர் கும்பகோணம் பக்கத்து நாதஸ்வரக் கலைஞர், சாக்ஸபோனும் கற்றுக்கொள்ள நினைப்பவர். மூவர் கண்ணிலும் ஒரே மாதிரி அறிவிப்பு பட்டிருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆன்லைனில் சாக்ஸபோன் பயிலரங்கு, விருந்தினராக வெளிநாட்டுக் கலைஞர்கள், ஆசிரியர்கள், கச்சேரி, கேள்வி பதில். பணம் கட்டலாமா, அல்லது அதே பணத்தில் ஓர் ஆசிரியரிடம் சேரலாமா என்பதுதான் கேள்வி.

பயிலரங்கு, ஆன்லைனில் தனி வகுப்பு, நேரில் ஆசிரியர், பதிவு செய்த வீடியோ பாடங்கள் என்று நான்கு வழியிலும் நான் கற்றிருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்ஸபோன் கற்பவர் காசு கொடுத்துத் தேட வேண்டிய முதல் பொருள், தன் ஒலியைக் கேட்டுத் திருத்தும் ஒரு காது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஊதுவதை ஒருவர் எத்தனை நிமிடம் கேட்பார்? இதுதான் என் முதல் அளவுகோல். கணக்குக்காக ஒரு பயிலரங்கின் கட்டணம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் கலந்துகொள்கிறார்கள், 6 மணி நேரம் நடக்கிறது. அதில் தனித்தனியாக வாசித்துக் காட்ட ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம் வரும். உண்மையில் அப்படிப் பிரித்துத் தர மாட்டார்கள். நான்கு பேர் 15 நிமிடம் வாசிப்பார்கள், மீதி 36 பேர் கேட்பார்கள். அதே 4,000 ரூபாயில் 1,000 ரூபாய் வீதம் 45 நிமிட தனி வகுப்பு நான்கு எடுத்தால், 180 நிமிடம் ஒரு காது நமக்கு மட்டும் கிடைக்கிறது.

இரண்டாவது, அடுத்த வாரம் யார் பார்ப்பார்? கீழுதட்டைப் பல்லின் மேல் எவ்வளவு மடிப்பது என்ற சின்ன மாற்றம் கூடப் பழக வாரக்கணக்கில் ஆகும். ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பிடித்த உதடு புதன்கிழமை பழைய இடத்துக்கே போய் நிற்கும். அப்போது கண்டுபிடித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

மூன்றாவது, அறிவிப்பில் எழுதியிராத செலவுகள். நான்காவது, நம் உதடும் நம் வீடும் எவ்வளவு தாங்கும் என்பது. ஐந்தாவது, நாம் வாசிக்க விரும்புவது எந்த இசை. இந்தக் கடைசிக் கேள்வியை நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பணம் கட்டிய பிறகுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

## ஆன்லைன் பயிலரங்கு நாள்

இந்த நாட்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் நடக்கின்றன. காலையில் நீண்ட சுரங்களை வைத்து ஒலிப் பயிற்சி. அப்புறம் விரல், நாக்குப் பயிற்சி. பிறகு விருந்தினர் வாசிப்பு. மதியம் சிலர் வாசித்துக் காட்ட, கலைஞர் திருத்தும் மாஸ்டர்கிளாஸ். நடுவே தரம் பிரித்துச் சிறு அறைகளில் வகுப்பு. கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு.

இந்தச் 'சேர்ந்து' என்ற சொல்லை நன்றாகப் புரிந்துகொண்டு சேருங்கள். ஒருவருக்கொருவர் 10 மீட்டர் தள்ளி நின்று வாசித்தாலே ஒலி வந்து சேர ஏறக்குறைய 30 மில்லி விநாடி ஆகிறது. அதற்கு மேல் போனால் தாளம் இழுக்க ஆரம்பிக்கும். ஜூம் போன்ற செயலியில் தாமதம் அதைப் போலப் பல மடங்கு. அதனால் எல்லோருடைய மைக்கையும் அணைத்துவிட்டு, நடத்துபவரின் வாசிப்பை மட்டும் கேட்டு அவரவர் வீட்டில் ஊதுவதுதான் 'சேர்ந்து வாசிப்பது'. அது நல்ல பயிற்சிதான். ஆனால் பக்கத்தில் இருப்பவரின் சுருதியோடு நம் சுருதியை இழைப்பது என்ற, குழுவாக வாசிப்பதன் உயிரான பாடம் அதில் கிடைக்காது.

அடுத்தது ஒலி. பேச்சுக்காகச் செய்த செயலிக்கு, அசையாமல் நீளும் ஒரு சுரம் மின்விசிறிச் சத்தம் மாதிரி தெரியும். அது அந்தச் சுரத்தை வெட்டிவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற அமைப்பை இயக்கினால்தான் சுரம் முழுதாகப் போகும். அதை இயக்காவிட்டால் மெதுவாக ஊதுவதையும் பலமாக ஊதுவதையும் செயலி ஒரே அளவாக்கிவிடுகிறது. இதனால் எனக்குத் தெரிந்து திரை வழியே நன்றாகக் கற்க முடிவது விரல் வைப்பு, நாக்கால் சுரத்தைத் தொடங்கும் விதம், தாளம், மூச்சு எடுக்கும் இடம், நிற்கும் விதம். ஒலியின் நிறமும் காற்றின் கனமும் பாதிதான் வந்து சேரும். உலகத் தரமான கலைஞரே ஆனாலும், கேட்காததைத் திருத்த முடியாதல்லவா?

அப்படியானால் பயிலரங்கு வீணா? நிச்சயமாக இல்லை. நம் மரபில் கேள்வி ஞானம் என்று ஒன்றைச் சொல்வோம். குருவின் எதிரே உட்கார்ந்து கற்றதற்கு இணையாக, பலர் பாடக் கேட்டுக் கேட்டுச் சேர்வது அது. நல்ல பயிலரங்கு நாள் அதைத்தான் அள்ளித் தருகிறது. ஒருமுறை ஒரு மாஸ்டர்கிளாஸில், வாசித்துக்கொண்டிருந்த மாணவரிடம் கலைஞர் சாக்ஸபோனைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு மவுத்பீஸை, அதாவது வாயில் வைக்கும் முனையை, மட்டும் ஊதச் சொன்னார். ஆல்ட்டோ மவுத்பீஸைத் தனியாக ஊதினால் சுருதி காட்டும் ட்யூனரில் 'ஏ' சுரத்தையொட்டி நிற்க வேண்டும் என்பது பல ஆசிரியர்கள் சொல்லும் கணக்கு. அந்த மாணவருக்கு அது மிகவும் மேலே நின்றது, உதட்டை அவ்வளவு இறுக்கியிருந்தார். ஐந்து நிமிடம் தளர்த்தித் தளர்த்தி ஊதிவிட்டு மறுபடி வாசித்தபோது, ஜூமின் சின்ன ஒலியிலும் வித்தியாசம் தெரிந்தது. திருத்தப்பட்டவர் அவர். ஆனால் அன்று இரவு என் மவுத்பீஸை ட்யூனர் முன்னால் ஊதிப் பார்த்தேன், நானும் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன். இன்றும் என் சாதகம் அந்த ஒற்றைச் சுரத்தில்தான் தொடங்குகிறது.

இப்படி ஒன்று கிடைத்தால் கொடுத்த கட்டணம் தகும். ஆனால் அந்தத் தப்பு எனக்கும் இருக்கலாம் என்று சந்தேகிக்கும் அளவுக்கு அதற்கு முன்பே நான் வாசித்திருந்தேன். முதல் ஆறு மாதத்தில் இருக்கும் ஒருவருக்கு அந்த ஐந்து நிமிடம் வேடிக்கையாகக் கடந்து போயிருக்கும்.

மறைந்த செலவுகளில் முதலாவது நேரம். லண்டனில் காலை 10 மணி என்றால் கோடையில் நமக்கு மதியம் 2.30, குளிர்காலத்தில் 3.30. இது சமாளிக்கக் கூடியது. நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 7.30 அல்லது 8.30. மதியப் பகுதி வரும்போது நடுநிசி நெருங்கிவிடும். அந்த நேரத்தில் அடுக்குமாடி வீட்டில் சாக்ஸபோன் ஊத முடியாது. ட்ரம்பெட் மாதிரி மணிவாயை (மணிபோல் விரிந்த முனையை) அடைத்து ஒலியைக் குறைக்கவும் வழியில்லை, ஏனென்றால் சாக்ஸபோனில் ஒலி உடல் முழுக்க உள்ள துளைகள் வழியாகவும் வெளியே வருகிறது. அலமாரிக் கதவைத் திறந்துவைத்துத் துணிகளைப் பார்த்து ஊதினால் கொஞ்சம் அடங்கும். நான் செய்வது அதுதான்.

இரண்டாவது உதடு. தினமும் 30 நிமிடம் வாசிப்பவரின் உதடு 6 மணி நேரப் பயிலரங்கில் இரண்டாம் மணியிலேயே காற்றை விட ஆரம்பிக்கும். அதற்கு மேல் கடித்துப் பிடித்து ஊதினால் கெட்ட பழக்கம்தான் படியும். முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, எந்தப் பகுதியில் ஊதுவது, எதில் கேட்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, பணம் கட்டும் வழி. வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் பல கிரெடிட் கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் கூடுதல் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். தொகை பெரிதல்ல, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். புளூடூத் ஹெட்போனில் தாமதம் இன்னும் கூடும் என்பதால் ஒயர் வைத்த இயர்போன் ஒன்றும் வேண்டும்.

## ஆன்லைனில் வாராந்திரத் தனி வகுப்பு

ஒலிபற்றி மேலே சொன்ன குறை இங்கேயும் உண்டு. ஆனால் ஒரே ஆசிரியர் ஒரே மாணவரை ஒரே மைக் வழியாக வாரா வாரம் கேட்கும்போது, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள மாறுதல் அவருக்குப் பிடிபடத் தொடங்கும். குறையுள்ள கண்ணாடியானாலும் தினம் பார்த்தால் முகத்தில் புதிதாக வந்த பரு தெரிந்துவிடுகிற மாதிரி. இதோடு, வகுப்புக்கு முந்தின நாள் போனில் பதிவு செய்து அனுப்பிவிடுங்கள். நேரலையைவிடப் பதிவில் ஒலி தெளிவாக இருக்கும், ஆசிரியர் முன்கூட்டியே கேட்டுவிட்டு வருவார். பதிவு செய்யும்போது போனை மணிவாய்க்கு நேராக வைக்காமல், ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் ஒலி கிழிந்து பதிவாகும்.

இதன் மறைந்த செலவு, வகுப்புக்கு வகுப்பு இடையில் நாம் செய்ய வேண்டிய சாதகம். சாதகம் செய்யாமல் வகுப்புக்குப் போனால் அந்த 45 நிமிடமும் போன வாரப் பாடத்திலேயே கழியும். தினம் 20 நிமிடம் ஒதுக்க முடியாத மாதங்களில் வகுப்பை நிறுத்திவைப்பது நல்லது.

## நேரில் ஓர் ஆசிரியர்

என் சொந்த அனுபவம் ஒன்று. ஏழெட்டு மாதம் எனக்குக் கீழ் சுரங்கள் வரவே இல்லை. கீழ் 'சி'க்கு விரல் வைத்தால் ஒலி உடைந்து மேலே தாவும். அப்போது எனக்கு ஆன்லைனில் சொல்லிக்கொடுத்தவர் அக்கறையோடுதான் கேட்டார். தொண்டையைத் திற, தாடையைத் தளர்த்து, காற்றைச் சூடாக விடு என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று சொன்னார். எல்லாவற்றையும் செய்தேன். என் உடம்பே இந்த வாத்தியத்துக்கு ஒத்துவராதோ என்று நினைக்கும் அளவுக்கு மனம் விட்டுப்போயிற்று. ஊருக்குப் போயிருந்தபோது தேவாலயத்தில் வாசிக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். என் சாக்ஸபோனை வாங்கித் தன் மவுத்பீஸைப் பொருத்தி ஊதினார். அவருக்கும் கீழ் 'சி' உடைந்தது. "இது நீங்க இல்ல தம்பி, பேட் ஒழுகுது" என்றார். ஜி ஷார்ப் சாவியின் பேட், அதாவது துளையை மூடும் மெத்தை, சரியாக மூடாமல் காற்று கசிந்திருக்கிறது. சரிசெய்த அன்றே கீழ் 'சி' பேசியது.

எந்த ஆன்லைன் வகுப்பாலும் தர முடியாதது இது: ஆசிரியர் நம் வாத்தியத்தை வாங்கி ஊதிப் பார்ப்பது. தப்பு ஆளிடமா, கருவியிடமா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் பேட் ஒட்டிக்கொள்ளும் நம் ஊரில், அதிலும் விலை குறைந்த சாக்ஸபோனோ பழையதோ வாங்கியிருப்பவர்களுக்கு, இதற்கு மாற்று கிடையாது. உள்ளூர் ஆசிரியர் கிடைக்காவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது கைதேர்ந்த ஒருவர் உங்கள் கருவியை ஊதிப் பார்க்க வழி செய்துகொள்ளுங்கள்.

சிக்கல், ஆள் கிடைப்பது. சென்னை, கோவை மாதிரி நகரங்களில் இசைப்பள்ளிகள் உண்டு. மற்ற ஊர்களில் தேட வேண்டிய இடங்கள் பேண்டு வாத்தியக் குழுக்கள், தேவாலய இசைக்குழுக்கள், நாதஸ்வரத்திலிருந்து சாக்ஸபோனுக்கு வந்தவர்கள். அற்புதமாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் நொட்டேஷன் பார்த்துச் சொல்லித்தர மாட்டார்கள், காதால் கற்று காதால் சொல்லிக்கொடுப்பார்கள். தேர்வு எழுதப் போகிறவருக்கு அது போதாது. பாட்டு வாசிக்க ஆசைப்படுபவருக்கு அதுவே வரம்.

மறைந்த செலவு போக்குவரத்தும் காலண்டரும்தான். வாசிப்பையே தொழிலாக வைத்திருக்கும் ஆசிரியர் முகூர்த்த நாட்களில் வகுப்பு எடுக்க மாட்டார். தையிலும் வைகாசியிலும் பல வாரம் வகுப்பு விட்டுப்போகும். கட்டணம் மாதத்துக்கா, வகுப்புக்கா என்று சேரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

## பதிவு செய்த வீடியோ பாடங்கள்

விலை குறைவு, எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், நள்ளிரவிலும் பார்க்கலாம். ரீட்டை (மவுத்பீஸில் அதிரும் நாணல் தகட்டை) எப்படி மாட்டுவது, கருவியை எப்படித் துடைப்பது, ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் எங்கே என்பதற்கெல்லாம் இது தாராளமாகப் போதும். முதல் அளவுகோலில் இதற்குப் பூஜ்யம். வேறொரு வழியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், தனியாக வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | பயிலரங்கு நாள் | ஆன்லைன் தனி வகுப்பு | நேரில் ஆசிரியர் | வீடியோ பாடம் |
|---|---|---|---|---|
| நம் ஒலியைக் கேட்பது | சில நிமிடம், பலருக்கு அதுவும் இல்லை | வாரம் 30–45 நிமிடம் | வாரம் 30–60 நிமிடம், முழு ஒலியோடு | இல்லை |
| தொடர்ந்து திருத்துவது | இல்லை | உண்டு | உண்டு, முகூர்த்த மாதம் தவிர | இல்லை |
| கருவியின் கோளாறு தெரிவது | தெரியாது | சந்தேகிக்கலாம் | உடனே தெரியும் | தெரியாது |
| பெரிய கலைஞர்களைக் கேட்பது | மிக நன்று | ஆசிரியரைப் பொறுத்தது | ஆசிரியரைப் பொறுத்தது | ஓரளவு |
| மறைந்த செலவு | இரவு நேரம், உதட்டுக் களைப்பு, கார்டு கட்டணம் | தினசரிச் சாதகம் | பயணம், விட்டுப்போகும் வகுப்புகள் | தப்பு படிந்துபோவது |
| கர்நாடக இசைக்கு | அரிது | ஆசிரியர் அமைந்தால் நன்று | மிக நன்று | குறைவு |

ரீட் செலவை அட்டவணையில் சேர்க்கவில்லை, எந்த வழியில் போனாலும் அது உண்டு. 10 ரீட் உள்ள பெட்டியில் எனக்கு நன்றாகப் பேசுபவை ஐந்தாறுதான்.

## மூவருக்கும் என் பதில்

திருப்பூர் நண்பருக்கு: உங்களுக்குப் பயிலரங்கு பயன்படும், ஆனால் இந்த மாதம் வேண்டாம். ஒன்றரை வருடமாக வீடியோ பார்த்தே வாசிக்கிறீர்கள் என்றால், முதலில் இரண்டு மாதம் தனி வகுப்பு எடுங்கள். அதற்குள் உங்களுக்கென்று ஒரு கேள்வி பிறந்திருக்கும். 'மேல் டி சுரத்துக்குத் தாவும்போது ஏன் உடைகிறது' என்பது மாதிரி குறிப்பாக. அந்தக் கேள்வியோடு பயிலரங்குக்குப் போங்கள். சேரும் முன் நடத்துபவர்களுக்கு மூன்று விஷயம் எழுதிக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர், மாஸ்டர்கிளாஸில் வாசிக்க எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், பதிவு எத்தனை நாள் கிடைக்கும். சிறு அறை வகுப்பில் எட்டுப் பேருக்கு மேல் என்றால் நான் சேர மாட்டேன்.

மதுரை அம்மாவுக்கு: தேர்வு இருக்கும்வரை வாராந்திர வகுப்பை விடாதீர்கள். 2020க்குப் பிறகு டிரினிட்டியிலும், அதைப் போன்ற இன்னொரு பிரிட்டிஷ் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம்மிலும் வீடியோ பதிவாக அனுப்பும் தேர்வுகளும் வந்துவிட்டன. அதற்கு நல்ல அறையும் மைக்கும் பியானோத் துணை வாசிப்பும் வேண்டும். பயிலரங்குக்கு ஒதுக்கிய பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாம். தேர்வு முடிந்த பிறகு, மகனே ஆசைப்பட்டால், ஒரு பயிலரங்கில் பார்வையாளராகச் சேர்த்துவிடுங்கள். பல இடங்களில் பார்வையாளர் கட்டணம் குறைவாக இருக்கும். பதினான்கு வயதில் பெரிய கலைஞர் ஒருவர் தன் தப்பைத் தானே சிரித்துக்கொண்டு திருத்துவதைப் பார்ப்பது, பத்து வகுப்புக்குச் சமம்.

நாதஸ்வரக் கலைஞர் ஐயாவுக்கு: உங்களுக்கு மேற்கத்திய பயிலரங்கு இப்போது வேண்டாம். மூச்சும் ராகமும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மாற வேண்டியது இரண்டு. இரட்டைச் சீவாளியில் பழகிய உதடு ஒற்றை ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும் மாற வேண்டும். அடுத்தது கமகம். நாதஸ்வரத்தில் திறந்த துளையை விரலால் பாதி மூடி உருட்டிவிடுகிறீர்கள். சாக்ஸபோனில் பேட் துளையை முழுதாக மூடுகிறது, அந்த இழைவை உதட்டிலிருந்தும் தொண்டையிலிருந்தும் காற்றிலிருந்தும்தான் பெரும்பாலும் கொண்டுவர வேண்டும். கர்நாடக இசையைச் சாக்ஸபோனில் வாசித்துப் புகழ்பெற்ற கத்ரி கோபால்நாத்தின் தந்தை நாதஸ்வர வித்வான்தான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்ட மகன், மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் உட்கார்ந்து கற்றார். 2019இல் மறைந்த அவர் வழியில் வந்த சீடர்கள் இன்று வாசிக்கிறார்கள், கற்பிக்கிறார்கள். அந்த மரபில் ஒருவரிடம் மாதம் ஒருமுறையாவது நேரில் போய் உட்காருங்கள், நடுவில் வாரம் ஒருமுறை ஆன்லைனில் தொடருங்கள். மேற்கத்திய பயிலரங்கில் விருந்தினர் வாசிப்பை மட்டும் தனியாகக் கேட்க அனுமதித்தால், அதை ஒரு மாலை கேளுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு மென்மையான ரீட்டாக, 2 எண்ணில் தொடங்குங்கள். நாதஸ்வரத்துக்குக் கொடுக்கும் காற்றை அப்படியே கொடுத்தால் அது மூடிக்கொள்ளும், பாதிக் காற்றில் 'ச' பேசும் வரை பொறுத்துப் பழகுங்கள்.